பழைய பொம்மை ரயில் பெட்டி: ஓட்டலாமா, பூட்டி வைக்கலாமா?

ஈசூன்_பெட்டி | 4 ஜனவரி 2025, இரவு 9.10

ஒரே பெட்டியில் மூன்று தினுசு பொம்மை ரயில். முதலாவது பிரிட்டனின் பழைய உலோக ரயில் ஹார்ன்பி டப்ளோ, நடுவில் மூன்றாவது தண்டவாளம் உள்ளது, பழைய டிரான்ஸ்ஃபார்மரோடு. இரண்டாவது நீலத் தண்டவாளத்தில் பேட்டரியால் ஓடும் ஜப்பான் பிளாஸ்டிக் ரயில், பிளாரயில். பேட்டரியை எடுக்காமலே விட்டதில் உள்ளே பொடி பூத்துக் கிடக்கிறது. மூன்றாவது ஜப்பானின் கட்டோ நிறுவனத்து ‘என்’ (N) ஸ்கேல் செட், அதாவது நிஜ ரயிலில் 150 முதல் 160ல் ஒரு பங்கு அளவு, ஜப்பான் பவர் பேக்கோடு. ஓட்டினால் தேயும், மதிப்பு போய்விடும், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதே நல்லது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

சிம்லிம்_ஒயர் | 4 ஜனவரி, இரவு 9.34

ஓட்டுவதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில், இரண்டு மின்பெட்டியையும் பிளக்கில் சொருகாதீர்கள்.

டப்ளோவோடு வந்த டிரான்ஸ்ஃபார்மரின் ஒயருக்கு ரப்பர் உறை. இத்தனை வருடத்தில் அது காய்ந்திருக்கும், வளைத்தாலே உதிரும். உள்ளே ஓடப்போவது நம் சிங்கப்பூர் வீட்டு மின்சாரம், 230 வோல்ட். அதைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டப்ளோ இன்ஜினுக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி, அதை இன்றைய கன்ட்ரோலர் கொடுக்கும். ஆனால் பழைய மோட்டார் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். என் ஸ்கேலுக்கான சின்ன பவர் பேக்கில் மாட்டினால் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும்.

ஜப்பான் பவர் பேக்கைத் தலைகீழாகத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள். 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் புகைந்துவிடும். பிளக் அடாப்டர் காலை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 100 வோல்ட் வெளியீடு உள்ளது. கடைகளில் கைக்கு எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட். ஓடும், ஆனால் பெட்டி சூடேறும். அடாப்டரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் நேராகவே சொருகலாம்.

தகரரயில் | 4 ஜனவரி, இரவு 10.05

பிளாரயில் பேட்டரி அறைக்கு சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள், காய்ந்ததும் பிரஷால் தட்டிவிடுங்கள். பேட்டரி அமிலத்துக்கு அதுதான் மருந்து.

நீலப்பாதை | 4 ஜனவரி, இரவு 10.22

இல்லண்ணே, பேட்டரி எந்த ரகம்னு பாக்காம சோடா போடக் கூடாது. பழைய சிங்க்-கார்பன் பேட்டரின்னா கசியறது அமிலம், அதுக்கு சோடா சரி. அல்கலைன் பேட்டரின்னா கசியறது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதுக்கு சோடா போட்டா ஒண்ணும் நடக்காது. வெள்ளை வினிகர், இல்லாட்டி எலுமிச்சைச் சாறு. காது குடையற பஞ்சுக் குச்சியில தொட்டு வெச்சா நுரைக்கும். நுரை நின்னதும் தண்ணியில நனைச்ச குச்சி, அப்புறம் ஆல்கஹால் நனைச்ச குச்சி, அப்புறம் ஒரு நாள் காத்தாட விடணும். கையுறை, கண்ணாடி போட்டுக்கணும். அந்தப் பொடி கண்ணுல பட்டா எரிச்சல் சாதாரணமா இருக்காது.

தகடு கறுத்திருந்தா கண்ணாடி நார்ப் பேனாவால சுரண்டலாம். முலாம் முழுக்கப் போயிருந்தா சுரண்டி என்ன செய்ய, மறுபடியும் அரிக்கும். தகட்டையே மாத்திடுங்க, பழைய ரிமோட்லேருந்து எடுத்துக்கூட வெட்டிப் போடலாம்.

இன்னொண்ணு. பழைய பிளாரயில் இன்ஜினுக்கு சி சைஸ் தடி பேட்டரி ஒண்ணு, புதுசுக்கு டபுள் ஏ ஒண்ணு. அறை பெருசா இருக்கேன்னு டபுள் ஏவுக்குக் காகிதத்தைச் சுத்தித் திணிக்காதீங்க. அதுக்குன்னே பிளாஸ்டிக் கூடு இருக்கு, உள்ள டபுள் ஏ வெச்சா வெளியில சி சைஸ் ஆயிடும்.

தகரரயில் | 4 ஜனவரி, இரவு 10.40

ரகம் பார்த்துச் செய்வதுதான் முறை, ஏற்கிறேன். பேட்டரியின் பெயர்த்தாளே அரித்துப் போயிருந்தால்?

நீலப்பாதை | 4 ஜனவரி, இரவு 10.51

வினிகர்ல ஆரம்பிங்க. நுரைச்சா காரம். நுரைக்கலைன்னா துடைச்சு எடுத்துட்டு சோடா. ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு நுரை மட்டும்தான் மிச்சம்.

மீட்டர்கேஜ் | 5 ஜனவரி, காலை 7.15

பூட்டி வைக்கும் கட்சிக்கு என் மறுப்பு. இந்த ஊரில் ரயிலைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, ஓடாமல் கிடப்பது.

என் ஸ்கேல் இன்ஜினைத் திறந்தால் பித்தளைப் புழுப் பல்சக்கரம், அதன்மேல் கிரீஸ். ஓடாத இன்ஜினில் அது மெழுகாக இறுகிவிடும். மோட்டார் அந்த இறுக்கத்தை இழுக்கப் பார்த்து அதிக மின்சாரம் குடிக்கும், மோட்டார் தண்டிலுள்ள செப்பு வளையமான கம்யூட்டேட்டர் கறுக்கும், அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டான பிரஷ் பொறி விடும். சக்கரத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும். பிறகு அந்த இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்கு குலுக்கும். மாதம் ஒருமுறை, முன்னுக்குப் பத்து நிமிடம், பின்னுக்குப் பத்து நிமிடம், பாதி வேகத்தில், பெட்டி எதுவும் இழுக்காமல் விட்டால் இவற்றில் பெரும்பாலானவை வராது.

தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தேய்கிற பாகங்கள் பிரஷ், ரப்பர் வளையம், சக்கர முலாம். முதல் இரண்டும் உதிரியாகக் கிடைக்கும். இறுகிப்போய் எரிந்த மோட்டாருக்கு மாற்று கிடைப்பது பல மாடல்களில் குதிரைக்கொம்பு.

சிம்லிம்_ஒயர் | 5 ஜனவரி, காலை 8.02

மீட்டர்கேஜ் மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். பழைய கிரீஸை எடுக்காமல் ஓட்டத் தொடங்காதீர்கள். நீண்ட நாள் கிடந்த இன்ஜினுக்கு மாதாந்திர ஓட்டம் மருந்தாகாது. அடிப்பாகத்தைக் கழற்றி, சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டமான போகியைப் பிரித்து, பல்சக்கரங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முக்கிப் பழைய பிரஷால் தேய்த்து, முழுக்கக் காயவைத்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் எண்ணெய். எவ்வளவு? ஊசிமுனை தொட்டு எடுக்கிற அளவு. அச்சு முனைக்கு ஒரு தொடல், மோட்டார் தண்டின் இரு பேரிங்குக்கும் ஒவ்வொரு தொடல், அவ்வளவுதான். கூடினால் கம்யூட்டேட்டருக்கு வழியும், கரியோடு சேர்ந்து ஷார்ட் ஆகும்.

டபிள்யூடி-40 வேண்டாம், காய்ந்து படலமாகிவிடும். தேங்காய் எண்ணெய் ஏசி அறையில் உறையும், வெளியில் சிக்கு பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் உலோக டப்ளோவுக்குப் பரவாயில்லை, ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடம்புள்ள மாடலுக்கு ஆகாது, விரிசல் விடும்.

ஈசூன்_பெட்டி | 5 ஜனவரி, மாலை 6.20

டப்ளோ மோட்டாரையும் அப்படியே பிரித்துக் கழுவலாமா?

தகரரயில் | 5 ஜனவரி, மாலை 6.58

பிரிக்காதீர்கள்! அந்தக் காலத்துக் காந்தம், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை வெளியே எடுத்த மாத்திரத்தில் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும். திருப்பிப் பூட்டினாலும் பழைய இழுவை வராது, மோட்டார் சூடேறும், வேகம் மட்டும் கூடும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் காந்தத்தின் இரு துருவங்களையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டை முதலில் ஒட்டவையுங்கள், பிறகு ஆர்மேச்சரை உருவுங்கள். உள்ளே வைக்கும்போது வரிசை நேர்மாறு.

பெரும்பாலும் பிரிக்கத் தேவையும் இருக்காது. பிரஷ் மூடியை மட்டும் திறந்து கார்பனையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, கம்யூட்டேட்டரைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதன் மூன்று துண்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களை மரப் பல்குச்சியால் கீறினாலே ஓடும். மல்டிமீட்டரில் நடுத் தண்டவாளக் காலுக்கும் சட்டத்துக்கும் இடையே சில ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் பிரஷ் தொடவில்லை, பூஜ்யம் காட்டினால் உள்ளே ஷார்ட்.

அதற்கெல்லாம் முன்னால் வார்ப்பைப் பாருங்கள். ஹார்ன்பி டப்ளோ வந்தது 1938ல். போருக்கு முந்தைய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையோடு ஈயம் கலந்துபோன உருப்படிகள் உண்டு. சேகரிப்பவர்கள் இதைச் சிங்க் பெஸ்ட் என்பார்கள். மயிரிழை விரிசல், உப்பல், உடம்பு வாழைப்பழமாக வளைவது, மூலை பொடிந்து கையில் வருவது எல்லாம் அதன் அடையாளம். கண்டால் ஓட்ட வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஈரம் அதை வேகப்படுத்தும்.

ஈசூன்_பெட்டி | 5 ஜனவரி, இரவு 7.30

பக்கத்தில் உள்ள பெட்டிகளுக்குத் தொற்றுமா? தனியாக வைக்கணுமா?

தகரரயில் | 5 ஜனவரி, இரவு 7.41

தொற்றாது. வார்த்த அன்றே அந்த உலோகத்துக்குள் இருந்த அசுத்தம் அது. மருந்தும் கிடையாது. பசை, பெயின்ட், வார்னிஷ் எதுவும் நிறுத்தாது.

மீட்டர்கேஜ் | 8 ஜனவரி, இரவு 9.00

தண்டவாளம் துடைப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. என் ஸ்கேலில் ரயில் நின்று நின்று போனால் பத்துக்கு எட்டு முறை காரணம் தண்டவாளமும் சக்கரமும்தான்.

உப்புத்தாள் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கறுப்பு அதில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அழுக்காகும். நூல் உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் இழுத்துத் துடைக்கலாம். நான் இப்போது பரிந்துரைப்பது ஒயிட் ஸ்பிரிட். ஆல்கஹால் போட்ட தண்டவாளத்தில் சக்கரத்துக்கடியில் நுண்பொறி சீக்கிரம் திரும்பி வருகிறது, ஒயிட் ஸ்பிரிட்டில் அது மெதுவாகத்தான் வரும். ஒன்று கவனம்: ஹார்ட்வேர் கடையில் வெறுமனே ‘தின்னர்’ என்று கேட்டால் லாக்கர் தின்னரை எடுத்து நீட்டுவார்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். டின்னில் ஒயிட் ஸ்பிரிட் அல்லது மினரல் டர்பன்டைன் என்று படித்து வாங்குங்கள். சன்னல் திறந்திருக்கட்டும்.

டப்ளோவின் தகரத் தண்டவாளத்துக்குத் தண்ணீர் காட்டவே வேண்டாம். துரு உள்ள இடத்தில் கண்ணாடி நார்ப் பேனா, பிறகு எண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்த துணியால் ஒரு இழுப்பு.

நீலப்பாதை | 8 ஜனவரி, இரவு 9.25

சக்கரத்தையும் சொல்லிடுங்க. தண்டவாளத்துக்குக் குறுக்கே ஆல்கஹால் நனைச்ச டிஷ்யூ ஒரு பட்டை போடணும். இன்ஜினோட ஒரு போகி டிஷ்யூ மேல, இன்னொரு போகி வெறும் தண்டவாளத்து மேல. கையால இன்ஜினைப் பிடிச்சுக்கிட்டு பாதி வோல்ட் கொடுத்தா, தண்டவாளத்துப் போகி மின்சாரம் எடுக்கும், டிஷ்யூ மேல இருக்கற சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். ரெண்டு கறுப்புக் கோடு விழும். டிஷ்யூவை நகர்த்தி நகர்த்தி, கோடு விழாத வரைக்கும் செய்யணும். அப்புறம் இன்ஜினைத் திருப்பி அடுத்த போகி. டிஷ்யூ கிழிஞ்சு நூல் பல்சக்கரத்துல சிக்கிச்சுன்னா உடனே நிறுத்திடுங்க, இழுக்காதீங்க, போகியைக் கழட்டித்தான் எடுக்கணும்.

மின்சாரம் ரெண்டு போகியிலயும் எடுக்கற இன்ஜினுக்குத்தான் இது. இழுவைப் பெட்டிகளைத் தலைகீழாப் போட்டுக் குச்சியால துடைக்கணும், வேற வழியில்லை.

ஈசூன்_பெட்டி | 9 ஜனவரி, இரவு 8.45

சரி, ஓட்டும் கட்சிக்கே மாறுகிறேன். என் ஸ்கேலில் ஒரு சின்ன அமைப்பு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறைக்கு. சிங்கப்பூர் நகர ரயிலான எம்ஆர்டியின் முதல் ரயில் சி151 வேண்டும், மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் பழைய ரயிலும் வேண்டும். நடக்குமா?

மீட்டர்கேஜ் | 9 ஜனவரி, இரவு 9.50

இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் வைக்க நினைப்பதுதான் சிக்கல். எம்ஆர்டி 1435 மி.மீ. அகலப் பாதை. கேடிஎம் மீட்டர் கேஜ், 1000 மி.மீ.

என் ஸ்கேல் தண்டவாளம் 9 மி.மீ. 1:160ல் அது எம்ஆர்டிக்கு அச்சு அசல். சி151 பெட்டி 23 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம். 160ஆல் வகுத்தால் 144 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம். ஆறு பெட்டி சேர்ந்தால் 864 மி.மீ. படுக்கையறைப் பலகையில் அதற்கு நேரான நடைமேடை போட்டால் வளைவுக்கு இடமிருக்காது. மூன்று பெட்டியாகக் குறைத்து 432 மி.மீ. ரயில், 450 மி.மீ. நடைமேடை என்று வையுங்கள், கண்ணுக்கு உறுத்தாது. நடைமேடை விளிம்பு தண்டவாள மையத்திலிருந்து 11.5 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.

ஜப்பான் என் ஸ்கேல் 1:150. அங்கே சாதாரண ரயில் 1067 மி.மீ. பாதையில் ஓடுவது. அதைப் பெரிதாக்கி அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். ஷிங்கன்சென் மட்டும் 1:160. அதனால் ஜப்பான் பயணிகள் பெட்டியையும் 1:160ல் செய்த சி151ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒத்துவராது.

தோபாயோ_87 | 10 ஜனவரி, காலை 6.40

சி151க்கு ஒரு குறிப்பு. 7 நவம்பர் 1987ல் எம்ஆர்டி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு தொடங்கியபோது அந்த ரயில் வர்ணம் பூசாத அலுமினியம், சிவப்புப் பட்டை. இன்று பலர் நினைவில் இருப்பது பின்னால் வந்த கறுப்பு வெள்ளை சிவப்பு வேடம். எந்த ஆண்டின் ரயில் என்று முடிவெடுத்துவிட்டு வர்ணம் வாங்குங்கள். அலுமினியத்துக்கு அடியில் பளபளப்புக் கறுப்பு ஒரு பூச்சு, அதன்மேல் ஸ்ப்ரேயில் மெல்லிய வெள்ளி இரண்டு மூன்று பூச்சு. சாம்பல் பிரைமர்மேல் நேராக வெள்ளி அடித்தால் சமையலறைப் பாத்திரம் மாதிரி மங்கும்.

உடம்பை 3டி பிரின்ட் எடுப்பதென்றால் ரெசின் அச்சு, 0.05 மி.மீ. அடுக்கு. இழை உருக்கி அச்சிடும் இயந்திரத்தின் 0.2 மி.மீ. வரிகள் அலுமினியப் பூச்சில் அப்படியே தெரியும், எவ்வளவு தேய்த்தாலும் கதவுப் பள்ளத்துக்குள் போக முடியாது. சுவர் கனம் 1 மி.மீ.க்குக் குறைந்தால் நீள உடம்பு வளையும். யூவி விளக்கில் காயவைக்கும்போது நேரான கண்ணாடிப் பலகையில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிக் காயவையுங்கள்.

சிம்லிம்_ஒயர் | 10 ஜனவரி, இரவு 8.15

தண்டவாளம் வாங்குமுன்: கட்டோ யூனிட்ராக், டோமிக்ஸ் ஃபைன் ட்ராக் என்ற இரண்டு தண்டவாள வகைகளில் ஒன்றைப் பிடியுங்கள், கலக்காதீர்கள். இணைப்பும் வேறு, அளவும் வேறு. கட்டோ நேர்த்துண்டு 248 மி.மீ., இரட்டைப் பாதை இடைவெளி 33 மி.மீ. டோமிக்ஸ் நேர்த்துண்டு 280, இடைவெளி 37.

கட்டோ வளைவுகள் ஆர்249, ஆர்282, ஆர்315, ஆர்348 என்று போகும், எண் என்பது வளைவின் ஆரம், மி.மீ.யில். ஆர்315 வட்டத்துக்குப் பலகை அகலம்: 630, தண்டவாள அடித்தட்டுக்கு 25, இரு பக்கமும் விரலுக்கு 40 மி.மீ. ஆக 735. கதவு அகலத்தை அளந்துவிட்டுப் பலகை வெட்டுங்கள், அறைக்குள் போகாமல் காரிடாரில் நிற்க வேண்டாம்.

ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட் துண்டு வாங்கும்போது 6ஆம் நம்பர். 4ஆம் நம்பர் இடத்தைச் சேமிக்கும், ஆனால் ஊசி முனையில் சக்கரம் ஏறித் தடம் புரள்வதாகப் பலரும் சொல்வது அதைத்தான். 4தான் பொருந்தும் என்றால் ஊசி முனையின் உள்பக்கத்தைச் சின்ன அரத்தால் இரண்டே இழுப்பு சரித்துவிடுங்கள்.

மின்சாரம் ஒரே இடத்தில் கொடுத்தால் வட்டத்தின் மறுபக்கம் ரயில் சோர்ந்து போகும். இணைப்புத் தகடு ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்ட்டைச் சாப்பிடும், நம் ஊர் ஈரத்தில் வருடாவருடம் கூடுதலாகவே சாப்பிடும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு ஃபீடர், அதாவது மின்சாரம் கொடுக்கும் ஒயர் வையுங்கள்.

மீட்டர்கேஜ் | 11 ஜனவரி, காலை 10.30

இரட்டைப் பாதை வளைவில் எதிரெதிர் சி151 உரசுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிப்பாதை ஆர்282, உள்பாதை ஆர்249. போகி மையங்களுக்கிடையே 100 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், வெளிப்பாதைப் பெட்டியின் நடுப்பகுதி உள்நோக்கி 4.4 மி.மீ. சாயும். உள்பாதைப் பெட்டியின் மூலை வெளிநோக்கி 5 மி.மீ. நீட்டும். பாதை இடைவெளி 33, பெட்டி அகலம் 20, மிச்சம் 13. இரண்டு சாய்வையும் கழித்தால் மூன்றரை மி.மீ. மிஞ்சும். உரசாது. ஆனால் சுரங்கச் சுவரையும் சிக்னல் கம்பத்தையும் நேர்ப்பாதையில் அளந்த இடைவெளியில் வளைவில் நட்டுவிடாதீர்கள். முழு நீளப் பெட்டி ஒன்றைக் கையால் தள்ளி, பக்கவாட்டில் பென்சில் ஒட்டி, அது போடும் கோட்டுக்கு வெளியே நடுங்கள்.

பலகை 12 மி.மீ. பிளைவுட், அடியில் சட்டம் அடித்தது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஈரம் குடித்து ஓரம் ஊதும். தண்டவாளம் வெயிலில் நீளும் என்று பயப்படுவார்கள். வீட்டுக்குள் உலோகம் நீள்வது அற்பம், மரம் ஈரத்தில் அசைவதுதான் இணைப்பைப் பிளக்கும். பிளைவுட்டின் ஆறு பக்கமும் வார்னிஷ் அடித்தால் அந்த அசைவு குறையும்.

தகரரயில் | 11 ஜனவரி, மதியம் 1.05

ஏசி. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். இரவு முழுக்க ஏசி ஓடிய அறையில் காலையில் அணைத்த கையோடு சன்னலைத் திறந்தால், குளிர்ந்த தண்டவாளத்தில் வெளிக்காற்றின் ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாத பனி. எஃகுச் சக்கரத்திலும் தகரத்திலும் துரு புறப்படுவது அங்கேதான். அமைப்பின்மேல் ஒரு பருத்தித் துணி போர்த்தி, ஏசியை அணைத்து அரைமணி கழித்துச் சன்னல் திறங்கள். பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஓடாத நேரத்தில் இன்ஜின்களுக்கு கேமராக்காரர்கள் வைக்கும் ஈரம் நீக்கும் அலமாரி, 45 சதவீதத்தில். வீட்டுப் பாதுகாப்பறையில் அடுக்கி வைக்காதீர்கள், காற்றோட்டம் இல்லாத அறை அது.

வேணி_தெம்பனிஸ் | 11 ஜனவரி, மதியம் 3.30

அட்டைப்பெட்டிக்கு ராமபாணப் பூச்சி வருகிறது. இரண்டு பாச்சை உருண்டை போட்டு வைத்தால் போதாதா?

நீலப்பாதை | 11 ஜனவரி, மாலை 4.10

ஐயையோ வேணாம் அக்கா. பாச்சை உருண்டை ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிடும். மூடின பெட்டிக்குள்ள விட்டா பெட்டியோட உடம்பு பிசுபிசுன்னு ஆகி, பிரின்ட் எழுத்து அப்படியே சுத்தின தாள்ல ஒட்டிக்கிட்டு வரும். பூச்சிக்கு ஈரத்தைக் குறைச்சாலே போதும், சிலிக்கா ஜெல் போடுங்க. ஆரஞ்சு நிறம் மாறினதும் அவன்ல 110 டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சுத் திரும்பப் போடலாம்.

பெட்டிக்குள்ள இருக்கற ஸ்பாஞ்சையும் இப்பவே தொட்டுப் பாருங்க. பழைய யூரித்தேன் ஸ்பாஞ்சு இந்த ஊர் ஈரத்துல பிசினாகி ரயில் மேல ஒட்டும். விரலுக்கு ஒட்டினாலோ பொடிஞ்சாலோ அந்த நிமிஷமே தூக்கிப் போட்டுட்டு பாலிஎத்திலீன் ஸ்பாஞ்சு வெட்டி வைங்க. ஒட்டின பிசினை வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவற திரவமும் விட்டு ஊறவெச்சு எடுக்கணும். ஆல்கஹால் போட்டா எழுத்தும் சேர்ந்து போயிடும். பிவிசி ஒயரையும் ரயில் உடம்போட ஒட்டினாப்ல வைக்காதீங்க, ஒயர்ல இருக்கற மென்மையாக்கி பிளாஸ்டிக்குல இறங்கிக் கோடு கோடாப் பள்ளம் விழும்.

வேணி_தெம்பனிஸ் | 11 ஜனவரி, மாலை 4.25

நல்ல வேளை, கேட்டேன். உருண்டையை எடுத்தாயிற்று.

ஈசூன்_பெட்டி | 14 ஜனவரி, இரவு 7.00

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. கேடிஎம் விஷயம் பாதியில் நிற்கிறது, மீட்டர்கேஜ் அண்ணே.

மீட்டர்கேஜ் | 14 ஜனவரி, இரவு 10.20

மூன்று வழி உண்டு தம்பி, மூன்றுக்கும் விலை வேறு, உழைப்பு வேறு.

கறாராகப் போனால் 1:160ல் மீட்டர் கேஜ் 6.25 மி.மீ. இசட் ஸ்கேல் தண்டவாளம் 6.5 மி.மீ., கிட்டத்தட்ட சரி. ரோகுஹான் நிறுவனத்தார் அதை அடித்தட்டோடு விற்கிறார்கள். ஆனால் அதன் சிலீப்பர்கள் (குறுக்குக் கட்டைகள்) இசட் ஸ்கேலின் 1:220க்கு உரியவை, நெருக்கமாகவும் குட்டையாகவும் இருக்கும். சிலீப்பரை நீங்களே வெட்டி ஒட்ட வேண்டும். இன்ஜின் உடம்பும் உங்கள் கையால்தான், அடியில் இசட் ஸ்கேல் போகி.

பெரிதாகப் போனால் 1:120, அதே 9 மி.மீ. தண்டவாளம். கணக்குப்படி அது 1080 மி.மீ. பாதை ஆகும், மீட்டரைவிடக் கொஞ்சம் அகலம். நியூசிலாந்தில் 1067 மி.மீ. பாதைக்கு இந்த அளவில்தான் செய்கிறார்கள், என்இசட்120 என்று பெயர். போகி, மோட்டார், பாயின்ட் எல்லாம் என் ஸ்கேல் கடைச்சரக்கு. எம்ஆர்டியோடு மட்டும் ஒரே காட்சியில் நிற்காது.

மூன்றாவது, 1:150 உடம்பு, 9 மி.மீ. தண்டவாளம், பாதை அகலம் என்று கண்ணை மூடிக்கொள்வது. கட்டோவே சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயிலை, அதுவும் மீட்டர் கேஜ்தான், இப்படித்தான் விற்கிறார்கள். உங்கள் முதல் அமைப்புக்கு நான் சொல்வது இதுவே. எம்ஆர்டி மேலே தூண்கள்மேல் போகும் வையடக்ட் பாலத்தில், கேடிஎம் கீழே தரையில் என்று பிரித்துவிட்டால் அளவு வித்தியாசம் பார்வையில் படாது.

எதைச் செய்வது என்பதில் மனசு மாறிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரின் பழைய கேடிஎம் நிலையங்களில் தஞ்சோங் பகாரை எடுத்தால் 1932ல் கட்டிய முகப்பு, அன்றைய ரயில்வேயின் பெயர்ச்சுருக்கமான எஃப், எம், எஸ், ஆர் என்று எழுத்து தாங்கிய நான்கு பளிங்குச் சிலைகள். நம் அளவில் ஒவ்வொரு சிலையும் நுணுக்க வேலை. புக்கிட் தீமா நிலையம் சின்னது: ஓட்டுக் கூரை, செங்கல், ஒரு நடைமேடை, எதிர் ரயிலுக்கு ஒதுங்கி நிற்க ஒரு கிளைப்பாதை, பக்கத்தில் கறுப்பு எஃகுப் பாலம். 600 மி.மீ. பலகையில் அடங்கும். ஒற்றைப் பாதையில் போக அனுமதி அடையாளமான சாவி வளையத்தை ரயில் ஓட்டுநர் அங்கே மாற்றிக்கொள்வது 2011 வரை நடந்தது. 0.3 மி.மீ. செம்புக் கம்பியை மெல்லிய குழாயில் சுற்றி அந்த வளையத்தைச் செய்து நிலைய அதிபர் பொம்மையின் கையில் பசைவைத்து மாட்டலாம். தெரிந்தவர்கள் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

தோபாயோ_87 | 15 ஜனவரி, காலை 6.55

அந்த நிலையத்தில் ரயில் ஓடிய கடைசி நாளான 30 ஜூன் 2011ஐச் செய்யப் போகிறீர்கள் என்றால் நடைமேடையில் கூட்டம் வேண்டும். கூட்டம் இல்லாமல் அந்த நாள் இல்லை. என் ஸ்கேல் ஆள் பொம்மைகள் சீனத்திலிருந்து நூறு நூறாக மலிவாக வருகின்றன, 1:150 என்று போட்டிருக்கும். வெறும் பிளாஸ்டிக்காக வாங்கி நீங்களே சட்டை வர்ணம் போடுங்கள். வர்ணம் போட்டே வருபவை எல்லாம் குளிர்கால கோட்டு போட்ட ஆட்கள்.

வெளியிலிருந்து வாங்கும்போது கணக்கு: 2024 தொடக்கத்திலிருந்து பொருள் சேவை வரி 9 சதவீதம். 400 வெள்ளிக்குக் கீழே என்றால் வரி இல்லை என்ற பழைய நினைப்பு 2023 ஜனவரியோடு போயிற்று. இங்கே பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடும்.

ஈசூன்_பெட்டி | 15 ஜனவரி, இரவு 9.15

புக்கிட் தீமா என்று முடிவு. மேலே வையடக்ட்டில் எம்ஆர்டி. எம்ஆர்டிக்கு மூன்றாவது தண்டவாளம் வேண்டுமே, அதை டப்ளோ மாதிரி உலோகத்தில் போடலாமா?

சிம்லிம்_ஒயர் | 15 ஜனவரி, இரவு 9.40

உலோகம் வேண்டாம். எம்ஆர்டியின் 750 வோல்ட் தண்டவாளம் பக்கவாட்டில் ஓடுவது, டப்ளோ போல நடுவில் அல்ல. என் ஸ்கேலில் அது வெறும் காட்சி. தடம் புரண்ட சக்கரமோ போகியின் உலோகத் தகடோ தொட்டால் ஷார்ட் ஆகும். 0.5 மி.மீ. ஸ்டைரின் பட்டை எடுத்து, 30 மி.மீ.க்கு ஒரு தாங்கி வைத்து, சிலீப்பர் முனைக்கு வெளியே ஒட்டுங்கள். மேல் மூடிக்கு இன்னொரு பட்டை. பாயின்ட் வருகிற இடத்தில் இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் தொடங்குங்கள், நிஜத்திலும் அப்படித்தான். ஒட்டும் முன் சாம்பல் வர்ணம் அடித்துவிடுங்கள். ஒட்டியபின் பிரஷ் உள்ளே போகாது. தண்டவாளத் தலையில் வர்ணம் பட்டால் காயுமுன் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அந்த இடத்தில் ரயில் நிற்கும்.